பேருக்கு முன்னால்

கோபிகாவின் கலியாணம் மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போனது. ஆய்வேடு இன்னும் முடியவில்லை.

நல்லூரில் அழைப்பிதழ் அடிக்கப் போயிருந்த மாப்பிள்ளை சிவகரன் தொலைபேசியில் கொதித்தான்.

“கடைசி அத்தியாயம் எண்டீர். அது எங்கை?”

“ரெண்டாய்ப் பிரிஞ்சிட்டுது. சாவகச்சேரியிலை புதுசா ஒரு கல்வெட்டுக் கிண்டி எடுத்திருக்கினம்.”

“பத்து வருசமா உந்தக் கல்வெட்டுக் கதைதான்! நான் இருபத்தெட்டு வயசிலை கலாநிதிப் பட்டம் எடுத்தனான்.”

“உங்கடை பௌதிகவியலிலை மெசின் விடையைச் சொல்லிப்போடும். சரித்திரத்திலை செத்தவையைக் கேட்டெல்லோ எழுத வேணும்?”

“கலியாணம் முடிய எழுதினால் என்ன?”

“அழைப்பிதழிலை பேருக்கு முன்னாலை ‘கலாநிதி’ இருக்கத்தான் வேணுமாம்.”

“மாப்பிள்ளையும் கலாநிதி, பொம்பிளையும் கலாநிதி. காணாதே?”

“பொம்பிளையின்ரை தகப்பன் வெறும் பள்ளிக்கூட மாஸ்டரெண்டால் மரியாதை இல்லையாம்.”

“ஃபோனை மாமாவிட்டைக் குடும். நான் கதைக்கிறன்.”

“ஐயோ, வேண்டாம்! அறுபத்துமூண்டு வயசிலை அப்பா இப்பதான் எழுதக் குந்தினவர். குழப்பினால் திரும்ப முதலாம் அத்தியாயத்துக்குப் போயிடுவார்.”

ஒரு வருடம் கழித்து, கோபிகா துள்ளிக்கொண்டு அழைத்தாள்.

“அப்பாவுக்குப் பட்டம் கிடைச்சிட்டுது! அழைப்பிதழை அடியுங்கோ.”

“இப்ப அடிக்கேலாது,” என்றான் சிவகரன்.

“என்ன, சந்தோசமில்லையே?”

“உம்மடை அப்பாவின்ரை பேருக்குப் பக்கத்திலை தன்ரை பேர் மொட்டையா நிக்குமாம். எங்கடை அப்பாவும் நேற்றுக் கலாநிதிப் படிப்புக்குப் பதிஞ்சிட்டார்.”

“என்ன பாடம்?”

“சரித்திரம்.”