கப்பல் காசு

“சந்தியோகு அண்ணை, இண்டைக்கும் கட்டுச்சோறோ? எழும்புங்கோ. ஓட்டலில சுடச்சுட மீன் பொரியல். காசு நான் குடுக்கிறன்.”

தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் டிக்கெட் விற்கும் சாஹுல் ஹமீட் வாசலில் நின்று கூப்பிட்டான். வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரம். சாமான் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் சந்தியோகு வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

“வேண்டாம் தம்பி. பிள்ளை கட்டித் தந்தது கிடக்கு.”

சிவப்பரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் முருங்கையிலை வறை. சாஹுலும் ஓட்டலை மறந்து கதிரையை இழுத்துப் போட்டான்.

“நான் இங்க வந்த நாளிலயிருந்து பாக்கிறன். நாலு வருசம். ஒருநாள்கூடக் கடைச் சாப்பாடு இல்லை. அப்பிடி என்னத்துக்கு மிச்சம் பிடிக்கிறியள்?”

“என்ர அன்ரோனெற் கன்னியாஸ்திரியாகப் போறாள். திருச்சிராப்பள்ளிப் பக்கம் ஒரு மடம். கப்பல், ரயில், உடுப்புப் பெட்டி, மடத்துக்குக் குடுக்கிறது... என்ர சம்பளத்தில ஏலுமே? மத்தியானம் கடையில திண்ணுற காசு மிஞ்சினால் சமாளிக்கலாம் எண்டு ஒருநாள் வாய்தவறிச் சொல்லிப்போட்டன். அடுத்த நாளே விடிய முதல் எழும்பி அடுப்பு மூட்டிட்டாள்.”

தாயில்லாத பிள்ளை. தோட்டவெளிக் கிராமத்து வீட்டில் அப்பனும் மகளும் மட்டும்தான். அவர் காலை ரயிலுக்கு இறங்கும்போது பொட்டலத்தைக் கையில் தந்துவிட்டு, “இன்னும் எவ்வளவு ஐயா சேர வேணும்?” என்று கேட்பாள். “இன்னும் கொஞ்சம் பிள்ளை” என்பார்.

“நாலு வருசத்தில இன்னும் சேரேல்லையோ?” என்றான் சாஹுல்.

“கப்பல் டிக்கெட் காசு ஏறிக்கொண்டெல்லோ போகுது.”

“டிக்கெட் விக்கிறவனுக்கே சொல்லுறியளே அண்ணை? நான் வந்த நாளிலயிருந்து அதே காசுதான்.”

சந்தியோகுவின் கை சோற்றில் அப்படியே நின்றது. வெளியே தனுஷ்கோடிக் கப்பல் ஊதியது.

“சேர்ந்திட்டுது தம்பி. சேர்ந்து ரெண்டு வருசம்.”

“பிள்ளைக்குச் சொல்லேல்லையோ?”

“வாய் வரேல்லை. மடத்துக்குள்ள போனால் திரும்பி வர விடமாட்டினம். இந்தக் கப்பல் போறதை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறவன். அதில அவள் ஏறிப் போறதை நினைச்சால்... இன்னும் ஒரு நாள் அவளின்ர கையால சாப்பிட்டிட்டு விடுவம் எண்டு இருப்பன். விடிஞ்சால் இன்னும் ஒரு நாள்.”

சாஹுல் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தான்.

“எனக்கும் மகள் இருக்கிறாள் அண்ணை. விளங்குது. ஆனா அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஆசையாக் கேட்டுக்கொண்டு நிக்குது. பாவம்.”

அந்தப் ‘பாவம்’ சந்தியோகுவை அன்று முழுக்க விடவில்லை. வேலை முடிந்ததும் டிக்கெட் யன்னலடிக்குப் போனார். “திங்கட்கிழமைக் கப்பலுக்கு ஒண்டு” என்றார். சாஹுல் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தான்.

வீட்டில் அன்ரோனெற் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. டிக்கெட்டையும் அலுமாரியில் இருந்த காசுப் பெட்டியையும் அவள் முன்னால் வைத்தார்.

“திங்கட்கிழமை வெளிக்கிடு பிள்ளை. காசு எப்பவோ சேர்ந்திட்டுது. நான்தான் மறைச்சுப்போட்டன். உன்னை விட மனம் வரேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்.”

அவள் சந்தோசப்படும் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அன்ரோனெற் டிக்கெட்டைத் தொடவில்லை.

“எனக்குத் தெரியும் ஐயா. ரெண்டு வருசத்துக்கு முதல் அலுமாரி துடைக்கேக்க பெட்டியைக் கண்டு காசை எண்ணிப் பாத்தனான். நான் வரேல்லை எண்டு அண்டைக்கே மடத்துக்கு எழுதிப்போட்டன். பிறகு உங்களிட்டை ஒண்டும் தெரியாத மாதிரித்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

சந்தியோகு திகைத்து நிமிர்ந்தார்.

“ஏன் பிள்ளை எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால், உங்களுக்காகத்தான் நான் போகாமல் நிக்கிறன் எண்டு தெரிஞ்சு நீங்களே என்னைக் கப்பலில ஏத்தி விட்டிருப்பியள் ஐயா.”