இறங்கிவந்த லொரெய்ன்

“வெண்டல், சாப்பாடு ஆறுது. மேல வா!”

படிக்கட்டின் உச்சியிலிருந்து லொரெய்ன் கத்தினாள். பேஸ்மென்ட்டில் பொம்மை ரயிலுக்கு மரமேடை கட்டிக்கொண்டிருந்த கணவர், “எனக்குப் பசியில்ல” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. “உன் ரயில் வாஷிங் மெஷின் பக்கம் வந்துதுன்னா, கோடாலிதான்!” என்று காலையில் சீறியது அவள்தான்.

“இன்னும் கோவமா? கோழி பொரிச்சு வச்சிருக்கேன்.”

“வேணாம்.”

பொரித்த கோழியையே வேண்டாம் என்கிறாரே! லொரெய்ன் இளகிவிட்டாள்.

“சரிப்பா, நான் பேசினது தப்பு. மெஷினை மறைச்சே கட்டிக்கோ. நான் வெளியில போய்த் துவைச்சுக்கறேன்.”

“நிஜமாவா?”

“சத்தியமா. இப்பவாவது வா.”



“லொரெய்ன், மேல இருக்கற ரம்பத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்.”

“எதுக்கு?”

“மேடையை வட்டமா இணைச்சு, தண்டவாளத்துக்கு அடியில போடற கார்க் பட்டையும் ஒட்டிட்டேன். நடுவுல நான் நிக்கறேன். வழி விட மறந்துட்டேன். குனிஞ்சு வெளிய வரலாம்னா முழங்கால் மடங்க மாட்டேங்குது.”

லொரெய்ன் ரம்பத்தோடு இறங்கினாள். மேடை ஏற்கெனவே வாஷிங் மெஷினை முழுசாக மறைத்திருந்தது.

“கவலைப்படாத வெண்டல், எங்க அறுக்கணும்னு எனக்குத் தெரியும்.”