முதல் காய்

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. நீ எங்கம்மா டீக்கடைப் பக்கம் போற?"

சின்னச்சாமி கேட்டதும் சஃபா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு டீ குடிச்சிட்டு வாரேன் மாமா."

ராமநாதபுரத்தில் மாவட்ட செஸ் போட்டி. இறுதி ஆட்டம். போட்டியை நடத்துகிற சின்னச்சாமி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெயின்ட் கடை வைத்திருப்பவர். செஸ்ஸில் குதிரை எது, யானை எது என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனால் சஃபா என்றால் அவருக்கு உயிர். ஏர்வாடிப் பெண், கிராண்ட்மாஸ்டர். வருஷத்தில் பாதி நாள் ஜெர்மனி, ஸ்பெயின் என்று ஆடப் போய்விடுவாள். லீவுக்கு ஊருக்கு வந்தவளைக் கெஞ்சி இந்தப் போட்டிக்குக் கூட்டி வந்ததே அவர்தான். மண்டப வாசலில் அவள் படம் போட்ட பேனரைக்கூடத் தானே நின்று கட்டினார்.

அவளை எதிர்த்து ஆட வேண்டியவள் ஜெயப்பிரியா. முன்னாள் மாநில சாம்பியன். இப்போது ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனிஸ்ட். காலை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியவள் பாம்பன் பாலத்தில் மாட்டிக்கொண்டாள். பாலத்து நடுவில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது.

சஃபா டீக்கடைக்குக் கிளம்பும் முன்பே, அவள் பக்கத்தில் நிற்கும்போதே, போனில் ஜெயப்பிரியாவின் குரல் பதறியது.

"சார், இப்பத்தான் உச்சிப்புளி தாண்டுறோம். ஆட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

சின்னச்சாமி நடுவர் லத்தீபா டீச்சரைப் பார்த்தார்.

"முடியாதுண்ணே. விதின்னா விதி. ஆளுக்கு அரை மணி நேரம். யாரு நேரம் தீருதோ அவங்க தோத்தாங்க."

சொன்னபடியே கடிகாரத்தை ஓட விட்டார் டீச்சர். மேஜையின் இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"அந்தப் பொண்ணு பாவம், பஸ்ஸுல மாட்டிக்கிச்சு. இந்தப் பொண்ணுக்கு என்ன? இங்கனதானே நிக்குது?"

சின்னச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். சஃபா பெஞ்சில் உட்கார்ந்து யாரோடோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, உள்ள கடிகாரம் ஓடுதும்மா!"

"தெரியும் மாமா. டீ சூடா இருக்கு."

"ஆத்தித் தரச் சொல்லவா?"

"வேணாம் மாமா. எனக்கு மெதுவாக் குடிச்சாத்தான் பிடிக்கும்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உள்ளே வந்தால் முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

"உலகம் சுத்துனவளுக்கு நம்மூரு போட்டின்னா இளக்காரம்."

 சின்னச்சாமி மனசும் அதைத்தான் சொன்னது.

ஒருவழியாக ஆட்டோ வந்து நின்றது. கலைந்த தலையோடு ஜெயப்பிரியா ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் நிதானமாக நடந்து வந்தாள் சஃபா.

"மன்னிச்சுக்கங்க ஜெயப்பிரியா. டீக்கடையில லேட்டாயிருச்சு."

உட்கார்ந்ததும் சஃபா வேறு ஆளாகிவிட்டாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பலகையை விட்டுக் கண் அசையவில்லை. அவளிடம் மிச்சம் இருந்தது சில நிமிஷங்கள்தான், கை பறந்தது. ஜெயப்பிரியா மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, ஒவ்வொரு காயையும் யோசித்து யோசித்து வைத்தாள்.

ஒரு கட்டத்தில் ஜெயப்பிரியாவின் குதிரை நடுவில் வந்து இறங்கியது.

சஃபா முதல் முறையாகத் தயங்கினாள். யோசிக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. அவள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. சஃபா எழுந்து கை நீட்டினாள்.

"அந்தக் குதிரை வரும்னு நான் நினைக்கவே இல்ல. அருமையா ஆடுனீங்க."

ஜெயப்பிரியா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோப்பையைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள்.

சஃபா கடைசி வரிசையில் போய் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். யாரோ பிரியாணிப் பொட்டலம் நீட்டினார்கள், தலையாட்டி மறுத்தாள். ஜெர்மனியோ ராமநாதபுரமோ, தோற்ற அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

"இப்ப அழுது என்ன?" என்று முனகிக்கொண்டே சின்னச்சாமி மேடை ஏறினார். மைக்கை எடுத்தார்.

"பெரியோர்களே, தலைக்கனம் வந்துட்டா எப்பேர்ப்பட்ட ஆளும்…"

லத்தீபா டீச்சர் சட்டென்று மைக்கை அணைத்துவிட்டு அவரை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"அண்ணே, அந்தப் பேச்சு வேணாம். வெள்ளைக்காய் சஃபாவுக்கு. முதல் காயை நகர்த்த வேண்டியது அவதான். அவ வந்து உக்கார்ற வரைக்கும் ஓடுறது அவ நேரம் மட்டும்தான்."

"அதுக்கு?"

"நேரத்துக்கு வந்து ஒரே ஒரு காயை நகர்த்திட்டு கடிகாரப் பட்டனை அமுக்கியிருந்தா, ஓடியிருக்கிறது ஜெயப்பிரியா நேரம். அந்தப் பொண்ணு பஸ்ஸுல இருக்கும்போதே அவ நேரம் முக்காவாசி தீர்ந்திருக்கும்."

சின்னச்சாமி கடைசி வரிசையைப் பார்த்தார்.

"அப்ப… வேணும்னேதான் வெளிய உக்காந்திருந்தாளா?"

"ஆமாண்ணே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்கைத் தேடினார்.

"விடுங்க டீச்சர், இதை இப்பவே ஊருக்குச் சொல்லிர்றேன்!"

"சொல்லிராதீங்கண்ணே. டீக்கடைக்குப் போறப்பவே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் போனா: 'என்னைத் திமிரு பிடிச்சவள்னு ஊரே சொல்லட்டும் டீச்சர். ஜெயப்பிரியா ஜெயிச்சா, அது சஃபா போட்ட பிச்சைன்னு ஒருத்தர் வாயிலயும் வந்துரக் கூடாது.'"