ஓட்டுநர் இருக்கையில் நெவில்

லாரி விழாக் கூடாரத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. இரண்டு மாடி உயரம். அதன் உச்சியில், ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி நெவில் உட்கார்ந்திருப்பதை லொரேன் தெளிவாகப் பார்த்தாள்.

ஆளே இருக்கக் கூடாத இருக்கை அது. ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் புது லாரி; பில்பரா பாலைநிலத்தின் அந்த இரும்புச் சுரங்கத்தில் அன்றைக்குத்தான் அதற்கு வெள்ளோட்டம்.

"நெவில் வண்டியைக் கடத்திட்டான்! ஓடுங்க!" என்று கத்தினாள் லொரேன். அவள் இடுப்பிலிருந்த ரேடியோவிலும் யாரோ கத்தினார்கள். கூட்டத்தின் அலறலில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

விழாவுக்காக சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த அடுப்பு முதலில் போனது. சமையல்காரர் விலகப் பார்த்தார். ஒரு கால் சிக்கிக்கொண்டு, காய்ந்த குச்சி மாதிரி முறிந்தது.

கூட்டத்துக்குப் பத்தடி முன்னால் லாரி சட்டென்று வளைந்தது. ஓரமாக நின்ற லொரேனின் காரின் மேல் ஏறி, அதைத் தகடாக்கி, தண்ணீர்த் தொட்டியை இடித்துச் சாய்த்துவிட்டு நின்றது.

என் காரைத் தேடி வந்து ஏற்றியிருக்கிறான் என்று நினைத்தாள்.

லொரேன் அந்தச் சுரங்கத்தின் மனிதவளத் தலைவி. ஓட்டுநர்களிடம் பேசிப் புதிய முறைக்குச் சம்மதிக்க வைப்பது அவள் பொறுப்பு. ஆறு மாதமாகக் கூட்டம் போட்டாள், வேறு வேலைக்குப் பயிற்சி தருவதாகக் கெஞ்சினாள். பதிலுக்கு அவள் கார் டயர்களைக் கிழித்தார்கள், நாற்காலியில் செத்த பாம்பைப் போட்டார்கள்.

நேற்றுகூடச் சாப்பாட்டு அறையில் எல்லார் முன்னாலும் நெவில் மேசையைக் குத்தினான்.

"இத்தனை வருஷமா இந்தச் செம்மண்ணைத் தின்னுட்டு ஓட்டுறோம். எங்களைத் தூக்கிட்டு ஆளில்லாத வண்டியை விடுறியா லொரேன்? விட்டுப் பாரு. இந்த யார்டுல ரத்தம் ஓடும்."

"மிரட்டுறியா நெவில்?"

"சேச்சே. வானிலை அறிக்கை வாசிக்கிறேன்."

அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது.

காவலாளி கிரெக் லாரிப் படிகளில் தாவி ஏறி, நெவிலின் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினான். உருண்டு வந்து செம்மண்ணில் விழுந்தான் நெவில். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்து கிடந்தன.

"லொரேன்... ஒரு நிமிஷம் கேளு..."

"என்னடா கேக்கணும், கொலைகாரப் பயலே?" கிரெக்கின் முதல் குத்தில் மூக்கு உடைந்தது. இரண்டாவது குத்தில் இரண்டு பற்கள் தெறித்தன.

நேற்று அவனோடு சேர்ந்து சிரித்த ஓட்டுநர்கள் ஓடி வந்தார்கள். தடுப்பதற்கு அல்ல.

"உன்னால எங்க எல்லாருக்கும் சோறு போச்சேடா!" என்று ஒருவன் விலாவில் உதைத்தான். அப்புறம் யார் உதைத்தார்கள், யார் மிதித்தார்கள் என்று கணக்கில்லை.

லொரேனின் கையில் கூடாரத்தின் இரும்புக் கம்பி எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு மாதத்து அவமானமும் அந்தக் கைக்கு வந்திருந்தது. நெவில் மறுபடியும் வாயைத் திறந்தபோது ஓங்கி ஒன்று வைத்தாள்.

தாடை உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ரத்தக் குமிழிதான் வந்தது. பேச்சு வரவில்லை.

அவள் கம்பியைக் கீழே போட்டாள். நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

"இந்த நிமிஷத்துலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல நெவில். மிச்சத்தைப் போலீஸ்கிட்ட சொல்லிக்கோ."

பிறகு ஓட்டுநர்கள் பக்கம் திரும்பினாள். "மெஷின் வந்தா ஆபத்துன்னு குதிச்சீங்களே. இப்பச் சொல்லுங்க, இன்னிக்கு நம்மளைக் கொல்ல வந்தது மெஷினா, மனுஷனா?"

தலைகள் குனிந்தன. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அத்தனை பேரும் தன் பக்கம் நிற்பதை லொரேன் உணர்ந்தாள். இனி எதிர்ப்பு என்று ஒன்று இருக்காது.

அப்போதுதான் மேட்டின் மேலிருந்த கட்டுப்பாட்டு அறையிலிருந்து டெஸ் ஓடி வந்தாள். புது லாரியைத் திரையில் பார்த்துக் கண்காணிக்கிற பொறியாளர். முகம் வெளுத்து, கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது.

"எல்லாரும் உயிரோட இருக்கீங்களா லொரேன்? ரேடியோவுல அவ்வளவு கத்தினேனே! பாதியிலேயே வண்டி எங்க பேச்சைக் கேக்கல. பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்தோம், நிக்கவே இல்ல."

மூச்சு வாங்க, சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஓடுற வண்டியில தாவி ஏறி நிறுத்துனாரே, அந்த மனுஷன் எங்க?"