குண்டன் தொட்டியில் நத்தை

"பதினாலு"ன்னு சொல்லிக்கிட்டே அவரு தவளைத் தொட்டியில இருந்த கடைசி நத்தையை இடுக்கியால எடுத்து உப்புத் தண்ணி டம்ளருக்குள்ள போட்டாரு. மிளகு சைஸ்தான் இருக்கும். லேசா நுரை விட்டுட்டு அடங்கிப்போச்சு.

"நேத்து பதினொன்னு. வெள்ளரிக்காய்த் துண்டு வச்சு வச்சுப் பிடிக்கிறேன், குறைய மாட்டேங்குது."

பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கல. "அந்தத் தவளையைக் கொண்டுபோய் ஏதாவது குளத்துல விட்டுட்டு வாங்க. லீவு போட்டு இருபது நாளாச்சு. ஊர்ல பாதி லிஃப்டு நடுவழியில நிக்குதாம், ஆபீஸ்ல இருந்து போன் மேல போன்."

"படி இருக்குல்ல. ஏறிப் போகட்டும்."

அவரு லிஃப்ட் மெக்கானிக். பையன் போய்ச் சேர்ந்து ஒன்றரை மாசம் ஆகுது. பதிமூணு வயசு. ஹால் மூலையில இருக்குற கண்ணாடித் தொட்டி அவனோடது. உள்ள மண்ணு, பாசி, ரெண்டு செடி, அவன் குண்டன்னு பேர் வச்ச பச்சைத் தவளை. இந்த வீட்ல அவன் வளர்த்ததுல உசுரோட மிச்சம் இருக்கிறது அது ஒன்னுதான்.

அந்தக் குண்டன் மூணு நாளா எதுவும் தின்னல. தீனிக் கிண்ணம் பூரா நத்தை. பொறுக்க முடியாம வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு.

"மண்ணு, பாசி எல்லாத்தையும் கொட்டிடுங்கண்ணே. தொட்டிய வெந்நீர்ல கழுவுங்க. அதுவரைக்கும் தவளைய ஈரத்துணி போட்ட டப்பாவுல வைங்க. வேற வழி கிடையாது."

"கொட்ட முடியாது தம்பி. அவன் கையால போட்ட மண்ணு."

"சரி, இதைச் சொல்லுங்க. புதுசா செடி, பாசி ஏதாவது உள்ள வச்சீங்களா? நத்தை எதுலயாவது ஒட்டிக்கிட்டுத்தான் உள்ள வரும். தானா வந்து படிய அது என்ன தூசியா?"

"ஒன்னும் வைக்கல. ரெண்டு வருஷமா ஒரு நத்தை கிடையாது. அவன் ஆஸ்பத்திரியில இருந்தப்பதான் ஆரம்பிச்சுது."

"தண்ணி? குழாய்த் தண்ணிய ஒரு நாள் வச்சிருந்துதானே ஊத்துறீங்க?"

"இப்ப அப்படித்தான். அப்ப வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கிட்டு இருந்தேனா, கொஞ்ச நாள் குழாய்ல பிடிச்சு அப்படியே ஊத்திட்டேன்."

"அய்யய்யோ, அந்தக் குளோரின் மருந்துத் தண்ணி தவளைத் தோலுக்கு ஆகவே ஆகாதுண்ணே. தாங்கியிருக்கே, கெட்டியான உசுருதான் உங்க குண்டன்."

போனை வச்சிட்டு தொட்டி முன்னாடியே தரையில உட்கார்ந்துட்டாரு. மனைவி குழாயை மூடிட்டு வந்து நிலைப்படியில நின்னாங்க.

"என் கையிலதான் வந்திருக்கு"ன்னாரு. "கண்ட கண்ட லிஃப்டுக் குழியில இறங்கிட்டு வந்து அதே கையை உள்ள விட்டேன். நீ ராப்பகலா அவன் பக்கத்துல இருந்த. எனக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்தான், குண்டனைப் பார்த்துக்கப்பான்னு. தினம் காலையில அவனுக்குப் போட்டோ அனுப்புவேன். ரெண்டு நாளா ஒரே இடத்துல அசையாம போஸ் குடுக்குறான் பாருடான்னு எழுதிக்கூட அனுப்பினேன். அந்த ஒரு வேலையையும் கெடுத்துட்டேன். இதுவும் போச்சுன்னா என்னால முடியாது."

மனைவி புடவைத் தலைப்புல கையைத் துடைச்சாங்க. துடைச்ச கையையே திரும்பவும் துடைச்சாங்க.

"நத்தை உங்களால வரல. நான் கொண்டாந்தது."

"நீயா?"

"ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருக் கடையில டப்பாவுல பாசி போட்டுக் குடுத்தாங்க. அந்தப் பாசியோடவே உள்ள விட்டுட்டேன். இருந்த பதட்டத்துல நத்தை இருக்கான்னு யாரு பார்த்தா."

"எதை விட்ட?"

மனைவி தொட்டியைக் கையால காட்டினாங்க. "இது அவன் தவளை இல்லைங்க. அது செத்துப்போச்சு. நடுவுல ஒரு நாள் குளிச்சிட்டு வர்றேன்னு வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்கு நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. அதை எடுத்துட்டு இதை வச்சேன்."

அவரு தொட்டியையே பார்த்துக்கிட்டிருந்தாரு. உள்ள இருந்தது தொண்டையை அசைச்சுக்கிட்டு இவரைப் பார்த்துச்சு.

"அப்ப கடைசி வரைக்கும் புள்ளையை ஏமாத்தியிருக்க. நான் போட்டோ அனுப்ப அனுப்ப, பார்த்துச் சிரிச்சான் சிரிச்சான்னு சொன்னியே. எவனோ வித்த தவளையைக் காட்டி, என் கையாலயே என் புள்ளைக்குப் பொய் அனுப்ப வச்சிருக்க. அவன் என்னடி பாவம் பண்ணினான் உனக்கு?"



எழுந்து ரெண்டு அடி போனவரு நின்னாரு. "இரு. அந்த ஒரு நாளைத் தவிர நீ ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்ல. தொட்டிய தினம் பார்த்தவன் நான். அது செத்தது எனக்கே தெரியாதப்ப, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மனைவி கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எனக்கு எங்கங்க தெரியும். போட்டோவைப் பார்த்து அவன்தான் சொன்னான், அப்பா கவனிக்கறதுக்குள்ள மாத்தி வச்சிடும்மான்னு."