எந்த லூப்?

"ஸாரே, இந்த ஃபார் ஈச் லூப் நம்மளை ஏமாத்திட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள் ப்ரோக்ராம் எழுதும் அஞ்சு.

மானேஜர் நீலகண்டன் சாயா கிளாஸை மேஜைமேல் வைத்தார். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன கம்பெனி, வேலைக்கு விண்ணப்பிப்பவர்களை வடிகட்ட ஒரு ப்ரோக்ராம் வைத்திருந்தது. அதிலுள்ள லூப் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போய், அறுபது மார்க்குக்குக் கீழே இருந்தால் பட்டியலிலிருந்து பெயரைத் தூக்கிவிடும். மிஞ்சியவர்களுக்குத்தான் இன்டர்வியூ.

"பதினோரு வருஷமா ஓடிண்டிருக்கு. படிக்கறதுக்கும் லட்சணமா ரெண்டே வரி. அதுல என்ன குத்தம் கண்டாய்?"

"போட் ஜெட்டி க்யூவை நினைச்சுப் பாருங்க ஸார். ஒவ்வொரு ஆளா டிக்கெட் பார்த்துட்டே போறேன். மூணாவது ஆள்கிட்ட டிக்கெட் இல்ல, வெளியே அனுப்பறேன். உடனே நாலாவது ஆள் மூணாவது இடத்துக்கு நகர்ந்துடுவார். நானோ அடுத்த இடத்துக்குப் போயாச்சு. அவரைப் பார்க்கவே இல்ல, கேட்டோ. அவர்கிட்டயும் டிக்கெட் இல்லேன்னா ஜாலியா போட்ல ஏறிடுவார்."

நீலகண்டன் கண்ணைச் சுருக்கினார். "அப்போ எந்த லூப் போடணுங்கறாய்?"

"சாதா ஃபார் லூப் போதும். ஆனா கடைசி ஆள்கிட்ட ஆரம்பிச்சு முன்னால வரணும். ஒருத்தரை அனுப்பினா, நகர்றவங்க எல்லாம் நான் ஏற்கெனவே பார்த்தவங்கதான்."

அஞ்சுவின் ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாயிற்று. "உன் மார்க் அம்பத்தெட்டு. ரூல்னா ரூல்தான்" என்று மூன்று முறையும் மனிதர் கையை விரித்துவிட்டார். இந்தக் கண்டுபிடிப்பைப் பார்த்தாவது இளக மாட்டாரா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

நீலகண்டனுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பழைய லிஸ்ட் எல்லாத்தையும் உன் லூப்ல ஓட்டு. எத்தனை பேர் இப்படி டிமிக்கி குடுத்து உள்ளே வந்திருக்கான்னு பார்த்துடலாம். ஒருத்தரையும் விடப்போறதில்லை."

அஞ்சுவின் விரல்கள் பறந்தன. பதினோரு வருஷப் பட்டியல்களும் மளமளவென்று ஓடி முடிந்தன. லூப்பில் தப்பி, இன்டர்வியூவிலும் தேறி, இன்றுவரை இங்கே சம்பளம் வாங்கும் ஆள் ஒரே ஒருவர்தான்.

"பேரைப் படி" என்றார் நீலகண்டன்.

அஞ்சு திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

'நீலகண்டன். மார்க்: 57.'

அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "லூப் நீ சொன்னதே இருக்கட்டும் அஞ்சு. அந்த அறுபதை மட்டும் அம்பத்தேழுன்னு மாத்திட்டு, உன் பெர்மனென்ட் ஆர்டரை டைப் பண்ணிக் கொண்டா."