பம்பாயிலிருந்து மூன்று நிமிடம்

ஐப்பசி மழை ஒன்பதாம் நாளாகப் பொழிந்துகொண்டிருந்தது. வானுக்கும் கடலுக்கும் இடையே வரம்பு அழிந்து, புதுவை நகரமே நீறு பூசி நின்றாற்போல் வெளிறிக் கிடந்தது. துணைவரைப் பிரிந்த மகளிர்க்குப் பகலும் நீண்டு வருத்தும் பருவம் அது. அமிர்தவல்லிக்கோ அன்று கணவனோடு பேச மூன்றே நிமிடந்தான் இருந்தது.

"பம்பாயிலேருந்து நம்ம புள்ள பேசறது கூடம் பூரா கேக்குமா? ரேடியோ மாதிரியா?" என்றாள் அவள் மாமியார் ராஜாம்பாள்.

"கேக்கும். பெரிய பெட்டி பேசும்" என்றார் மாமனார் சுப்பிரமணியன், திருப்புளியைக் கீழே வைக்காமலே.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் முப்பதாண்டு கம்பி பார்த்தவர் அவர். கொடி இறங்கி நான்காண்டு கழிந்தும் கைக்குத் தொழில் மறக்கவில்லை. மகன் பலராமன் பாரிசிலிருந்து கொண்டுவந்து, பிரிக்காமலே பரண்மேல் கிடந்த ஒலிபெருக்கியை, மனைவி ஏவியபடி அன்று காலையில்தான் மேசைத் தொலைபேசியோடு இணைத்திருந்தார்.

பெரியதும் சிறியதுமாக இரு பெட்டிகள். சோதித்துப் பார்க்க ரிசீவரை எடுத்ததும் பெரியது வீல் என்று ஊளையிட்டது.

"இன்னாங்க இது! மழைக்கு நனைஞ்ச நாய் மாதிரி!"

"ரெண்டும் பக்கத்துல இருந்தா அப்படித்தான்." பெரியதைத் தூக்கிப்போய்க் கூடத்தின் மறுகோடியில், சன்னல் ஓரம் வைத்தார். ஊளை அடங்கிற்று. சிறியது தொலைபேசியின் அருகிலேயே இருந்தது.

"சின்னது எதுக்கு?"

"அதுவும் சேந்ததுதான்" என்று மட்டும் சொன்னார்.

பலராமனுக்குப் பாரிசில் உத்தியோகம். மணம் முடித்து இரண்டாண்டுக்குப்பின், மனைவியை உடன் அழைத்துப்போகவே இம்முறை வந்தான். கப்பலுக்கான காரியங்களை முடிக்கப் பம்பாய்க்கு முன்னே போயிருந்தான். அவள் ரயிலேற வேண்டிய வேளையில், அவளுக்கு வர விருப்பமில்லை என்று அவனுக்கொரு கடிதம் போயிற்று. எழுதச் செய்தவள் ராஜாம்பாள். 'அதை அவள் வாயாலேயே கேட்க வேண்டும். இன்று பதினொரு மணிக்குப் பேசுகிறேன்' என்று அவனிடமிருந்து தந்தி வந்தது. கப்பல் வெள்ளிக்கிழமை.

ராஜாம்பாள் சமையலறைப் பக்கம் போன நேரம் அமிர்தவல்லி மாமனாரிடம் வந்தாள். "மாமா, நீங்களாவது அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவர் தலை கவிழ்ந்தது. "அவன்கிட்ட இதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன்னு முருகன் மேல சத்தியம் வாங்கிட்டாளேம்மா."

"திறக்கமாட்டாரு" என்று சமையலறை வாசற்படியிலிருந்து ராஜாம்பாளின் சிரிப்பு வந்தது. "தலையே போனாலும் சாமி சத்தியம் தவறாத மனுசன். வேற ஆளப் பாருடி!"

மணி ஒலித்தது. அமிர்தவல்லி ரிசீவரை எடுத்தாள். சுப்பிரமணியன் கண்களை மூடி உருத்திராக்கத்தை உருட்டத் தொடங்கினார்.

"அல்லோ! அமிர்தம்? நான்தான் பேசறேன். நீ வரியா, இல்லியா? உன் வாயால சொல்லு" என்று கூடம் நிறையக் கேட்டது அவன் குரல்.

ராஜாம்பாள் பாய்ந்து வந்து, மருமகள் கையிலிருந்த ரிசீவரின் வாய்ப்புறத்தை முந்தானையோடு சேர்த்து அழுந்தப் பொத்தினாள்.

"நான் லெட்டருல எழுதவெச்ச மாதிரியே சொல்லுடி. இஷ்டமில்லன்னு சொல்லு!"

"எனக்குப் போவணும் அத்தை. அவரோட இருக்கணும் அத்தை."

"நீயும் போயிட்டா அவன் எதுக்குடி இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பான்? ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி பாக்கற மூஞ்சியும் எனக்கு இல்லாம போவட்டுமா?" அவள் குரலும் உடைந்தது. "வரேன்னு சொன்னியோ, கெணத்துல குதிச்சுடுவேன். அந்தப் பாவம் உன் தலையில."

ரிசீவரைப் பொத்திய அவள் பிடி தளர்ந்தது. அமிர்தவல்லி ரிசீவரை வாயருகே கொண்டுபோனாள்.

"எனக்கு... வர இஷ்டமில்லீங்க."

சன்னலோரத்துப் பெட்டியிலிருந்து அவன் குரல் வந்தது.

"சரி அமிர்தம். புரிஞ்சுது."

மூன்று நிமிடம் முடிந்ததென்று நிலையத்துப் பெண்ணின் குரல் கேட்டது. இணைப்பு அறுந்தது.

"இப்பத்தான் என் வயிறு குளுந்துச்சு" என்று ராஜாம்பாள் நாற்காலியில் சாய்ந்தாள். அமிர்தவல்லி சுவரோடு சரிந்து அமர்ந்தாள். நான்கு சுவரும் மழையும் மிஞ்சின.

சுப்பிரமணியன் எழுந்தார். கைகால் கழுவி வந்து, வேலவன் படத்தின்முன் திரியைத் தூண்டி விளக்கேற்றினார். நாள்தோறும் ஓதும் பதிகத்தை ஓரடியும் விடாமல் ஓதி முடித்தார். பிறகு மடலிலிருந்து திருநீற்றை அள்ளி மருமகளிடம் வந்து, அவள் நெற்றி நிறையப் பூசினார்.

"நல்லா பூசிவுடுங்க" என்றாள் ராஜாம்பாள். "இனிமே இந்த வூட்ட வுட்டு எங்கயும் போவாதவ."

அவர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. மருமகளின் தலைமேல் கை வைத்துச் சொன்னார்:

"பொட்டியக் கட்டு தாயே, புருசனோட நூறு வருசம் மகராசியா வாழு, ரிசீவரப் பொத்திக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் பேசுனது அத்தனையும் அந்தச் சின்னப் பொட்டி வழியா அவன் காதுல விழுந்துட்டுது."